பேச்சு எந்த இடத்தில் சண்டையாகிறது? பரிவர்த்தனைப் பகுப்பாய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சமூக மன்றங்களிலும் பள்ளிப் பெற்றோர் குழுக்களிலும் பரிவர்த்தனைப் பகுப்பாய்வு பற்றித் தமிழில் பேசி வருகிறேன். ஆங்கிலத்தில் ட்ரான்ஸாக்ஷனல் அனாலிசிஸ், சுருக்கமாக டி.ஏ. என்பார்கள். எங்கே பேசினாலும் கடைசியில் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கூட்டத்தில் கேட்கத் தயங்கி, மின்தூக்கி வரை கூடவே நடந்து வந்து கேட்பவர்களும் உண்டு. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். வீட்டு விவரங்களை மட்டும் மாற்றிவிட்டேன்.

"டி.ஏ.ன்னா என்னங்க? யாரு கண்டுபிடிச்சது?"

எரிக் பெர்ன் என்ற மனநல மருத்துவர். 1910இல் கனடாவின் மாண்ட்ரியலில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர். ஃபிராய்டின் வழியில் உளப்பகுப்பாய்வு பயின்றவர்தான். ஆனால் 1956இல் சான் பிரான்சிஸ்கோ உளப்பகுப்பாய்வுக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்துவிட்டது. அவர் தன் வழியில் போனார். 1958இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இந்த முறையை முன்வைத்தார். 1964இல் வந்த ‘கேம்ஸ் பீப்பிள் ப்ளே’ என்ற அவருடைய நூல் மருத்துவர்களைத் தாண்டி சாதாரண வாசகர்களிடமும் அமோகமாக விற்றது.

நான் ஒன்று சொல்கிறேன், நீங்கள் அதற்குப் பதில் சொல்கிறீர்கள். இந்த ஒரு ஜோடிக்குப் பெயர்தான் பரிவர்த்தனை. எவ்வளவு பெரிய சண்டையையும் இப்படி ஜோடி ஜோடியாகப் பிரித்துப் பார்க்கலாம் என்றார் பெர்ன். ‘அவர் எப்பவுமே இப்படித்தான்’ என்று ஆளையே எடைபோடுவதை விட்டுவிட்டு, எந்த ஜோடியில் பேச்சு தடம் மாறியது என்று தேடுகிறோம். அது கிடைத்தால் அடுத்த முறை அந்த இடத்தில் வேறு மாதிரி பேசிப் பார்க்கலாம்.

"பெற்றோர், வளர்ந்தவர், குழந்தைன்னு மூணு சொல்றீங்க. எனக்கு 45 வயசு. நான் இதுல யாரு?"

பேசும்போது நம் மனம் இருக்கிற மூன்று நிலைகள் இவை. மூன்றும் நீங்கள்தான். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம்மை வளர்த்தவர்களிடம் பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே எடுத்துப் பேசும்போது நாம் பெற்றோர் நிலையில் இருக்கிறோம். அதில் கண்டிக்கிற முகமும் உண்டு, அரவணைக்கிற முகமும் உண்டு. சின்ன வயதில் உணர்ந்தது போலவே இப்போதும் உணர்ந்து பேசினால் அது குழந்தை நிலை. சிரிப்பது, ஆசைப்படுவது, பயப்படுவது, அடங்கிப்போவது, முரண்டு பிடிப்பது எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. இந்த நிமிடம் கண்முன் என்ன இருக்கிறதோ அதை வைத்து யோசித்துப் பேசுவது வளர்ந்தவர் நிலை.

தொடக்கநிலை 2 படிக்கிற பிள்ளைகூட தம்பியிடம் ‘கையைக் கழுவிட்டுத்தான் சாப்பிடணும்’ என்று இடுப்பில் கைவைத்துச் சொல்லும்போது பெற்றோர் நிலையில்தான் இருக்கிறது. இந்த மூன்றில் எதுவும் கெட்டதில்லை. ஒன்றிலேயே மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் போவதுதான் பிரச்சினை.

"நான் எந்த நிலையில பேசுறேன்னு எனக்கே எப்படித் தெரியும்?"

வார்த்தையைவிடக் குரலையும் உடம்பையும் கவனியுங்கள். ‘எத்தனை தடவை சொல்றது’, ‘எப்பப் பார்த்தாலும்’ போன்ற சொற்கள் வந்து, சுட்டுவிரலும் நீண்டால் கண்டிக்கும் பெற்றோர் வந்துவிட்டார். தோள் சுருங்கி, ‘நான் என்ன பண்ணட்டும்’ என்று குரல் இழுத்தால் குழந்தை. எதிரில் இருப்பவரைப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். நீங்கள் பேசத் தொடங்கினாலே வீட்டில் எல்லாரும் சாக்குச் சொல்கிறார்கள் என்றால், நீங்கள் எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

"பையன் உயர்நிலை 3. ஃபோனை வைடான்னா கத்துறான். நான் கேக்கிறதுல என்ன தப்பு?"

நடந்ததை வரிவரியாகப் பார்ப்போம். இரவு 10 மணி, அம்மா வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் வருகிறார். "இன்னும் ஃபோனா? நாளைக்கு டெஸ்ட்டுன்னு ஞாபகம் இருக்கா இல்லையா?" பையன்: "படிச்சிட்டேன்மா! எப்பப் பாரு இதே பேச்சு!" அம்மா: "எதிர்த்துப் பேசாதே." பையன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

அம்மா பெற்றோர் நிலையிலிருந்து அவனுடைய குழந்தை நிலையைப் பார்த்துப் பேசினார். அவனும் குழந்தை நிலையிலிருந்து அவருடைய பெற்றோர் நிலைக்கே பதில் சொன்னான். டி.ஏ. கணக்கில் இது இணைப் பரிவர்த்தனை, அதாவது நேருக்கு நேர் பொருந்திய பேச்சு. பெர்ன் சொன்ன முதல் விதி, இணையாகப் போகிற பேச்சு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீளும் என்பது. கொஞ்சலுக்கு மட்டுமில்லை, சண்டைக்கும் இது பொருந்தும். தினமும் அதே சண்டை அதே வார்த்தைகளில் நடப்பது அதனால்தான்.

நீங்கள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அது கேள்வி மாதிரி இருந்ததே தவிர கேள்வி இல்லை. உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ள வேண்டுமானால், செருப்பைக் கழற்றி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "நாளைக்கு டெஸ்ட்டுக்கு எது முடிஞ்சுது, எது பாக்கி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் தடவை அவன் நம்பமாட்டான், ‘ஏன் கேக்கறீங்க’ என்று முறைப்பான். இரண்டாவது வரியிலும் அதே குரலில் இருந்தால்தான் அவனுக்கு யோசிக்க இடம் கிடைக்கும்.

"குறுக்குப் பரிவர்த்தனைன்னு ஒண்ணு சொன்னீங்களே, அது என்ன?"

கணவர் கேட்கிறார்: "என் ஈஸிலிங்க் கார்டு எங்க இருக்கு?" சாதாரணக் கேள்வி. மனைவி: "எல்லாத்துக்கும் நான்தானா? நான் என்ன வேலைக்காரியா?" கேட்டது வளர்ந்தவர் நிலையிடம், பதில் வந்தது குழந்தை நிலையிலிருந்து. அந்த இடத்தில் பேச்சு அறுந்துவிடும், கார்டும் கிடைக்காது. இது இரண்டாவது விதி.

ஆனால் குறுக்கே போவது எப்போதும் கெட்டதில்லை. மேலே சொன்னபடி பையனிடம் அம்மா மாற்றிக் கேட்டால் அதுவும் ஒரு குறுக்கீடுதான். ஓடிக்கொண்டிருக்கும் சண்டையை அவர் வேண்டுமென்றே அறுக்கிறார். மோதலைத் தீர்க்க டி.ஏ. தருகிற முக்கியமான கருவி இதுதான்.

"மாமியார்கிட்டப் போய் சமமா உட்கார்ந்து பேச முடியுமா? நம்ம வழக்கத்துக்கு ஒத்து வருமா?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற கேள்வியும் இதுதான். வளர்ந்தவர் நிலை என்றாலே ‘மரியாதை இல்லாமல் சட்டம் பேசுவது’ என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியில்லை. ‘நீங்க’, ‘அத்தை’, இறங்கின குரல், எல்லாம் அப்படியே இருக்கலாம். மரியாதை சொல்லிலும் குரலிலும் இருக்கிறது. அதைக் காட்ட நம் யோசனையை அடகு வைக்க வேண்டியதில்லை.

ஒரு வீட்டில் நடந்தது. பாட்டி பேரனுக்கு ஃபோனில் வீடியோ போட்டுக் காட்டித்தான் சோறு ஊட்டுவார். மருமகள் ஏதோ சொல்லப்போக, "மூணு பிள்ளை வளர்த்தவ நான். எனக்கா சொல்லித் தர்றே?" என்றார். இங்கே மருமகள்கள் வழக்கமாக இரண்டு வழிகளில் போவார்கள். ஒன்று, ‘சரி அத்தை’ என்று அடங்கிவிட்டு ராத்திரி கணவரிடம் கொட்டுவது. மற்றது, "டாக்டரே கூடாதுங்கறாங்க, உங்களுக்கு அதெல்லாம் புரியாது" என்பது. டாக்டர் பெயர் வந்ததால் இரண்டாவது வளர்ந்தவர் பேச்சு மாதிரித் தெரியும். ‘உங்களுக்குப் புரியாது’ வந்ததுமே அது கண்டிக்கும் பெற்றோர்.

அந்த மருமகள் மூன்றாவதாக ஒன்று செய்தார். "அத்தை, நீங்க பார்த்துக்கிறதாலதான் நான் நிம்மதியா வேலைக்குப் போறேன். ஃபோன் இல்லாம அவன் சாப்பிடவே மாட்டேங்கிறான்னு பாலர் பள்ளி டீச்சர் சொன்னாங்க. ராத்திரிச் சாப்பாடு மட்டும் நான் வந்து ஊட்டவா? உங்களுக்கு எப்படி வசதி?" முதல் வரி உண்மையாக இருக்க வேண்டும், ஒப்புக்குச் சொன்னால் பெரியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கடைசிக் கேள்வியும் நிஜக் கேள்வியாக இருக்க வேண்டும். நான் பார்த்தவரை, ‘மூணு பிள்ளை வளர்த்தவ’ என்ற கோபத்துக்கு அடியில் பல வீடுகளில் ‘இனி என்னால் என்ன பயன்’ என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குப் பதில் கிடைத்துவிட்டால் ஃபோன் விஷயம் சீக்கிரம் பேசி முடிகிற விஷயம்தான்.

"கோபம் வந்தா பொண்ணு ஆங்கிலத்துக்கு மாறிடுறா. அது மரியாதைக் குறைவா?"

நம் ஊரில் கவனிக்க வேண்டிய விஷயம் இது. வீட்டுத் தமிழில் அவள் என்றும் சின்னப் பிள்ளை. ஆங்கிலத்தில் அவள் பள்ளியில் விவாதம் செய்கிறவள். ஆகவே மொழி மாறும்போது நிலையும் மாறலாம். சிலருக்கு அது யோசித்துப் பேச ஒரு வழி, சிலருக்கு உங்களைத் தள்ளிவைக்க ஒரு வழி. மொழியை விட்டுவிட்டு, மூன்றாவது பதிலில் சொன்னபடி குரலைக் கேளுங்கள். நிதானமாக இருந்தால் அவள் ஆங்கிலத்திலேயே பேசட்டும், நீங்கள் தமிழிலேயே பதில் சொல்லுங்கள். பேச்சு தாராளமாக ஓடும்.

"கட்டுமானத் தளத்துல வேலை. எனக்குக் கீழ வேலை பாக்கிற தம்பிங்க எதைச் சொன்னாலும் ‘ஓகே பாஸ்’ங்கறாங்க. புரிஞ்சுச்சான்னே தெரியல."

‘ஓகே பாஸ்’ பல நேரம் அடங்கிப்போகும் குழந்தை நிலையின் பதில். கடன் வாங்கி ஊரிலிருந்து வந்தவருக்கு, கேள்வி கேட்டால் வேலைக்கு ஆபத்து என்ற பயம் இருக்கும். காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கிற பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கில் "புரிஞ்சுதா?" என்று உரக்கக் கேட்டால் அதற்கு ‘ஓகே’ தவிர வேறு பதில் வர வழியில்லை. இதில் உயிரே அடங்கியிருக்கிறது.

ஆமாம், இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வியாகக் கேளுங்கள். "இந்தச் சாரத்துல ஏறுறதுக்கு முன்னாடி முதல்ல எதைப் பார்ப்பீங்க? பெல்ட்டை எங்க மாட்டுவீங்க?" அவர் வாயால் சொல்லட்டும். தப்பாகச் சொன்னாலும் மற்றவர்கள் முன்னால் திட்டாதீர்கள். ஒரு நாள் திட்டினால் மறுபடி ‘ஓகே பாஸ்’தான்.

"வார்த்தையில ஒண்ணுமே இருக்காது. ஆனா குத்துற மாதிரி இருக்கும். அதை எப்படி எடுத்துக்கிறது?"

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி: "பரவாயில்லை, நீங்க எல்லாம் பிஸி, நாங்களே ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துட்டோம்." மேலே தகவல், கீழே குற்றச்சாட்டு. இதற்கு மறைமுகப் பரிவர்த்தனை என்று பெயர். முடிவு கீழே ஓடுகிற செய்தியைப் பொறுத்துத்தான் அமையும் என்பது மூன்றாவது விதி. அதனால் ‘ஓகே, டேக் கேர்’ என்று மேல் செய்திக்கு மட்டும் பதில் போட்டால் மனக்கசப்பு கூடும். குழுவில் விளக்கமும் எழுதாதீர்கள். அழைத்துப் பேசுங்கள்: "நான் கூட வந்திருக்கணும்னு நினைச்சீங்களா அத்தை? அடுத்த அப்பாயின்ட்மென்ட் எப்போ?" அடியில் இருந்ததை மென்மையாக மேலே கொண்டுவந்தால் அதற்கு நேராகப் பதில் சொல்லலாம்.

"தங்கச்சி என்கிட்ட ஆலோசனை கேப்பா. எது சொன்னாலும் ‘ஆமாக்கா, ஆனா...’ம்பா. எனக்குத் தலை வலிக்குது."

பெர்ன் இதைப் பெயர் வைத்தே எழுதியிருக்கிறார். ‘நீ ஏன் இப்படிச் செய்யக்கூடாது?’, ‘சரி, ஆனா...’ என்ற விளையாட்டு. அவர் முதன்முதலில் ஆராய்ந்த விளையாட்டும் இதுதான். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடந்து, கடைசியில் இருவருக்கும் ஒரே கசப்பு மிஞ்சுகிற பேச்சைத்தான் அவர் விளையாட்டு என்றார். யாரும் தெரிந்து திட்டமிட்டு ஆடுவதில்லை. தங்கையை நடிக்கிறாள் என்று எண்ண வேண்டாம்.

அவளுக்கு அந்த நேரத்தில் வேண்டியது யோசனை இல்லை என்பதுதான் விஷயம். இரண்டாவது ‘ஆனா’ வந்ததும் நிறுத்திவிட்டு, "கஷ்டமான நிலைமைதான். நீ என்ன செய்யலாம்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள். அப்புறம் பொறுமையாக இருங்கள், மௌனத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம்.

"அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை. நடுவுல போனா ரெண்டு பேரும் என்மேல பாயுறாங்க. ஏன்?"

பெர்னின் மாணவர் ஸ்டீஃபன் கார்ப்மன் 1968இல் இதை ஒரு முக்கோணமாக வரைந்து காட்டினார். தாக்குபவர், பாதிக்கப்பட்டவர், காப்பாற்றுபவர் என்று மூன்று முனை. ஆட்கள் முனைவிட்டு முனை மாறிக்கொண்டே இருப்பார்கள். தேசிய சேவையிலிருந்து வார இறுதிக்கு வந்த மகன் 11 மணி வரை தூங்குகிறான், அப்பா திட்டுகிறார், நீங்கள் மகனைக் காப்பாற்றப் போகிறீர்கள். இப்போது அப்பா பாதிக்கப்பட்டவர் ஆகிறார்: "ஆமா, நான்தான் எப்பவும் கெட்டவன்." மகன் அப்பாவுக்கு ஆதரவாகத் திரும்புகிறான்: "நீங்க ஏம்மா இதுல வர்றீங்க?" நீங்கள் அழுதுகொண்டே அடுக்களைக்குப் போகிறீர்கள்.

யாரும் கேட்காமல், அவர்களால் செய்ய முடிந்ததை நீங்கள் செய்யப் போனதுதான் நுழைவாயில். உதவி வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அப்பாவுக்காக மகனிடமும், மகனுக்காக அப்பாவிடமும் தூது போவதை நிறுத்துவது முதலில் கல்நெஞ்சு மாதிரி இருக்கும். ஆனால் அவர்கள் நேராகப் பேசப் பழக வேறு வழியில்லை.

"பிள்ளைகளைப் பாராட்டினா தலைக்கனம் வந்துடாதா?"

‘நீ இருக்கிறாய், உன்னைப் பார்த்தேன்’ என்று உணர்த்துகிற எந்தச் சொல்லையும் செயலையும் டி.ஏ. வருடல் என்கிறது. பராமரிப்பு இல்லங்களில் பால், படுக்கை எல்லாம் இருந்தும் அன்பான கைபடாத குழந்தைகள் நலிந்துபோனதை உளப்பகுப்பாய்வாளர் ரெனே ஸ்பிட்ஸ் பதிவு செய்திருந்தார். பெர்ன் அதிலிருந்துதான் தொடங்கினார். மனிதருக்கு வருடல் பசி உண்டு, நல்லது கிடைக்காவிட்டால் திட்டு வாங்கியாவது அதைத் தீர்த்துக்கொள்வார்கள். மூன்று பாடத்தில் நல்ல மதிப்பெண்ணுக்கு ஒரு ‘ம்’, ஒரு பாடத்தில் குறைந்தால் ஒரு மணி நேரப் பேச்சு என்றால், எதைச் செய்தால் அப்பாவின் முழுக் கவனம் கிடைக்கும் என்று பிள்ளை சரியாகவே கற்றுக்கொள்கிறது.

"மேல்வீட்டு ஈரத்துணியிலிருந்து தண்ணி சொட்டுது. இதுக்கெல்லாம் டி.ஏ. உதவுமா?"

உதவும். முதல் பேச்சில்தான் பாதி இருக்கிறது. "அறிவில்லையா?" என்று மேலே பார்த்துக் கத்தினால் அது பெற்றோர் குரல், பதில் முரண்டாகத்தான் வரும். கோபம் ஆறியபின் கதவைத் தட்டி, "ஆன்ட்டி, நான் கீழ்வீடு. உங்க துணித் தண்ணி என் காய்ஞ்ச துணிமேல விழுது. நீங்க எப்போ காயப்போடுவீங்கன்னு தெரிஞ்சா நான் அதுக்கேத்த மாதிரி பார்த்துக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். வளர்ந்தவர் நிலையில் ஒரு தகவல், ஒரு வேண்டுகோள். சீன மூதாட்டியானாலும் மலாய்க் குடும்பமானாலும் எளிய சொற்களில் இது புரியும்.

பேசியும் தீரவில்லை என்றால் சமூக சமரச நிலையம் இருக்கிறது. 1998 முதல் இயங்குகிறது, தொண்டூழியச் சமரசர்கள் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். அதற்கும் மேல், அண்டைவீட்டுப் பிணக்குகளுக்கென 2015இல் தனி நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. அங்கே போவதற்கு முன் பேசிப் பார்த்திருப்பது நல்லது.

"என் வீட்டுக்காரர் இதைக் கத்துக்கிட்டு, ‘நீ இப்போ குழந்தை நிலையில பேசுறே’ன்னு சொல்றாரு. எரிச்சலா வருது."

வரத்தான் செய்யும். அப்படிச் சொல்வது கண்டிக்கும் பெற்றோரின் பேச்சு, டி.ஏ. பெயரில் நடக்கிற குட்டு. இந்த முறையால் ஒருவர் தன் நிலையைத்தான் பார்க்க வேண்டும், அடுத்தவருக்கு முத்திரை குத்தக்கூடாது. "நீங்க எனக்குப் பேர் வைக்கும்போது பேசவே பிடிக்கல. நான் சொன்னதுக்குப் பதில் சொல்லுங்க" என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

"நான் மட்டும் மாறினா போதுமா? எதிராளிக்கு இது ஒண்ணுமே தெரியாதே."

அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. பரிவர்த்தனை ஜோடியாக நடப்பது. ஒரு பாதி மாறினால் மறுபாதி பழைய இடத்திலேயே நிற்பது கடினம். ஆனால் அவர் நீங்கள் நினைத்தபடி மாறுவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சில நேரம் பழைய பதிலை வாங்க இன்னும் சத்தமாக முயல்வார். உங்கள் அடுத்த வரிதான் உங்கள் கையில் இருக்கிறது.

"அடிக்கிற கணவர்கிட்ட இப்படிப் பேசினா சரியாயிடுவாரா?"

இல்லை. தயவுசெய்து முயல வேண்டாம். முக்கோணத்தில் சொன்ன ‘பாதிக்கப்பட்டவர்’ பழகிப்போன ஒரு பாத்திரம். அடி வாங்குபவர் உண்மையிலேயே பாதிக்கப்பட்டவர். இரண்டையும் குழப்பவே கூடாது. நீங்கள் எந்த நிலையில் பேசியிருந்தாலும் அடித்ததற்குப் பொறுப்பு அடித்தவருடையது. உடனடி ஆபத்து என்றால் 999. தேசிய வன்முறை எதிர்ப்பு உதவித் தொலைபேசி 1800-777-0000, 24 மணி நேரமும் இயங்கும். குடும்ப நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். எந்த வட்டாரத்திலும் குடும்ப சேவை நிலையம் வழிகாட்டும். தமிழில் பேச விரும்பினால் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் குடும்ப சேவை நிலையத்தையும் நாடலாம்.

"அண்ணனும் நானும் பேசி வருஷக்கணக்காச்சு. அம்மா யார் வீட்டுல இருக்கிறதுன்னு வந்த சண்டை. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?"

சண்டை போட்ட விஷயத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். மனிதர்கள் சேர்ந்திருக்கும் நேரத்தைப் பெர்ன் ஆறாகப் பிரித்தார்: ஒதுங்கியிருப்பது, சடங்குப் பேச்சு, பொழுதுபோக்குப் பேச்சு, சேர்ந்து வேலை செய்வது, விளையாட்டு, நெருக்கம். ஒதுங்கியிருந்தவர் ஒரே தாவலில் நெருக்கத்துக்குப் போக முயன்றால் நடுவில் பழைய விளையாட்டில்தான் விழுவார். அதனால் சடங்கிலிருந்து வாருங்கள். தீபாவளி வாழ்த்து, பிறந்தநாள் செய்தி. பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதோடு நிறுத்துங்கள்.

பிறகு சேர்ந்து செய்ய ஒரு சின்ன வேலை: "அண்ணா, வியாழக்கிழமை அம்மாவுக்குப் பலதுறை மருந்தகத்துல ரத்தப் பரிசோதனை. காலையில நான் கூட்டிட்டுப் போறேன். திரும்பக் கூட்டிட்டு வர உங்களால முடியுமா?" முடியாது என்றால் ‘எனக்குத் தெரியும், நீங்க இப்படித்தான்’ என்ற வரி நாக்கு நுனியில் நிற்கும். அதைச் சொல்லாமல், அடுத்த பரிசோதனைத் தேதியை மட்டும் அனுப்பிவையுங்கள். இப்படி நாலைந்து வேலை சேர்ந்து நடந்தபின் அம்மா எங்கே இருப்பது என்ற பேச்சை எடுக்கலாம். அப்போது அம்மாவும் அந்த அறையில் இருக்கட்டும், முதலில் அவரைக் கேளுங்கள்.